ரெமியின் நடை

"ரெமி மாதிரி நடக்க உனக்கு வருமாட்டி?" என்று கார்மேல் மாமி ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

இரவல் வாங்கிய அரிவாள்மனையைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். உடனே பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல எனக்கு எப்போதும் நேரமாகும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வருகை எடுக்கும்போது ஜெனோவா என்று கூப்பிடுவார்கள். 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வராதவளாகப் பல நாள் இருந்தேன். ஒன்பதாவதில் நிஜமாகவே போகாமல் நின்றுவிட்டேன்.

யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காததால் எனக்குக் கால்கள் நன்றாகத் தெரியும். எங்கள் ஐந்தாம் வரிசையில் யார் வந்தாலும் காலை வைத்தே சொல்லிவிடுவேன். அக்காவைச் சிரிக்க வைப்பதற்காக அடுப்படிக்குள் ஒவ்வொருவர் மாதிரியும் நடந்து காட்டுவேன். அதை மாமி எப்போதோ பார்த்திருக்கிறாள்.

"மெட்டில்டாவுக்கு நீ நடந்து காட்டுனதை சன்னல் வழியா பாத்தேன். அச்சு அசல் எம் பிள்ளதான். தெனம் மத்தியானம் செத்த நேரம் வந்து அவன் அறைக்குள்ள நட. அது போதும்."

அது எதற்குப் போதும் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வரிசையில் யாருக்கும் புரிந்திருக்கும்.

கடல் ஏறி வந்து எங்கள் ஊரின் கரையோரத் தெருக்களைக் கொண்டுபோனபோது எல்லா வீடுகளும் போகவில்லை. பெரிய தெருவில் முத்து வியாபாரிகள் காலத்து வீடுகள் மேட்டில் இருந்ததால் தப்பின. மரப் பால்கனியும் கருங்கல் தூணுமாக அவை இன்னும் அப்படியே நிற்கின்றன. பைபாஸ் பக்கம் கண்ணாடித் தடுப்பு வைத்த அடுக்குமாடிகள் வந்தன. கரையோரத்தில் ஓட்டு வீட்டிலும் சிமென்ட் ஷீட் வீட்டிலும் இருந்த எங்களுக்குப் பழைய உப்பளத்தை மண்ணடித்து மேடாக்கி வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பொதுச் சுவர்களை இளகும் சுவர்களாகச் செய்துவிட்டார்கள்.

சாவி கொடுத்த அன்று குடியிருப்பு அலுவலகத்திலிருந்து தளவாய் சார் வந்து விளக்கினார். கால் விரல்கள் தெரியும்படி பழைய சாண்டக்ஸ் செருப்பு போட்டிருந்தார். அதனால் அவரை நினைவிருக்கிறது.

"தரைக்குக் கால் தெரியும்மா. ஒருத்தர் நடை மாதிரி இன்னொருத்தர் நடை இருக்காது. எந்த வீட்டுல யார் நடக்கிறாங்கன்னு தரை பார்த்துக்கும். ஆள் கூடின வீட்டுக்குச் சுவர் இடம் விடும், ஆள் குறைஞ்ச வீட்டுக்குள்ள வரும். நத்தை மாதிரி மெதுவாத்தான் வரும், பயப்படாதீங்க."

"ஆளு தொழிலுக்கு வெளியூரு போயிட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரு மழைக்காலத்துக்கு மறு மழைக்காலம் வரைக்கும் பொறுக்கும். அதுக்கப்புறமும் கால் படலைன்னா அந்த அறை அடுத்த வீட்டுக்குப் போயிடும். யாருக்கும் அநியாயம் இல்ல."

"பெரிய தெரு வீட்டுச் சுவரும் இப்படி நகருமாய்யா?"

தளவாய் சார் சிரித்தார். "அது அவங்க சொந்த வீடும்மா."

முதலில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'ஒங்க வீட்டுல எத்தனை கால்?' என்று கேட்டுக்கொண்டோம். பிறகு வேடிக்கை குறைந்தது. நாலாம் வரிசையில் சவரிராயன் என்பவர் பக்கவாதம் வந்து படுத்தார். ஒரு வருஷமாகியும் கால் தரையில் படாததால் சுவர் அவர் கட்டிலை நோக்கி வர ஆரம்பித்தது. அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, காலைத் தரையில் இழுத்து இழுத்து நடத்தினார்கள். அது அவர் நடை இல்லை என்று தரை ஏற்கவில்லை. பிள்ளைகளை விடுதியில் சேர்ப்பதை வரிசைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். 'நகராத சுவர் உள்ள வீட்டு மாப்பிள்ளை' என்றால் நகை கூடுதலாகக் கேட்டார்கள்.

மெட்டில்டா அக்காவுக்கு அப்படி மாப்பிள்ளை அமையவில்லை. இரண்டாம் வரிசையில்தான் கட்டிக் கொடுத்தோம். மறுவீட்டு விருந்து முடிந்து, அவள் நடை அந்த வீட்டுக் கணக்கில் ஏறிய சில நாளிலேயே எங்கள் சுவர் உள்ளே வந்துவிட்டது. அக்கா படுத்திருந்த இடத்தில் பீரோவின் கதவு பாதிதான் திறந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் தடவையாக அக்காவை நினைத்து அழுதாள்.

இப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தரையைச் செய்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியவில்லை. கட்டிக் கொடுத்த பெண் பிள்ளை பெறுவதற்குத் திரும்பி வருவாள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அக்காவின் கால் புருஷன் வீட்டில் பதிவாகியிருந்தது. ஒரு நடை ஒரு வீட்டில்தான் சேரும். பிறக்கப்போகும் குழந்தையோ நடக்கப் பழகும் வரை கணக்கிலேயே வராது.

அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். "உங்க மக புருஷன் வீட்டுல போதுமான இடம் இருக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதனால் கெடு முடியப்போகும் அடுத்த வீட்டு அறையை அம்மா எதிர்பார்த்திருந்தாள். அது ரெமியின் அறை. எங்களுக்கும் மாமிக்கும் நடுவில் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்.

ரெமி அண்ணன் போன மழைக்காலத்தில் கடலுக்குப் போனது. படகின் பலகைகள் கரைக்கு வந்தன, ஆட்கள் வரவில்லை. கூடப் போனவர்கள் வீட்டில் எல்லாம் பூசை வைத்துவிட்டார்கள். மாமி வைக்கவில்லை. "உடம்பைக் காட்டுங்க, வைக்கேன்" என்று சாமியாரிடமே சொல்லிவிட்டாள். அந்த அறை அவளுக்கு அறை இல்லை. அது இருக்கும்வரை அவன் வெளியூர் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

அறை மாமியிடம் நின்றால் எங்கள் அக்காவுக்கு இடமில்லை. எனக்கு இது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் குரல் வேண்டுமே. அதோடு ரெமி அண்ணன் என்னைக் கடக்கும்போதெல்லாம், "ஏ ஜெனோ, தலைய நிமித்து. மேல ஏரோப்ளேன் போவுது" என்று சொல்லிவிட்டுப் போகும். ஒரு தடவையும் ஏரோப்ளேன் போனதில்லை. ஆனாலும் நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

மறுநாள் மத்தியானம் போனேன்.

ரெமி அண்ணன் பந்து விளையாடி வலது கணுக்காலை முறித்துக்கொண்டது. அதனால் அந்தக் காலை ஊன்றும் முன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஒரு தயக்கம் இருக்கும். குதிகால் வெளிப்பக்கமாக விழும். அது எனக்குச் சுலபமாக வந்தது. கனம்தான் வரவில்லை. மாமி ஒரு சாக்கில் கடல் மணலை நிரப்பி என் முதுகில் கட்டினாள்.

"இது அவன் பசியில வார நடை. சாப்பிட்டுட்டு வார நடையைப் போடு" என்றாள். நான் போட்டேன். "அந்தா! இப்பதான் மீன் கொழம்பு உள்ள போயிருக்கு."

கதவு நிலைக்கு மேலே, ஆளுக்கு ஒன்றாக இருந்த சின்ன விளக்குகளில் ரெமியுடையது பச்சையாக எரிந்தது. தரை அவனை ஏற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகு மாமி அறைக்குள் வருவதில்லை. நான் நடக்கும்போது அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அங்கிருந்தே, "ரெமி, கஞ்சி ஆறுதுல்ல?" என்று குரல் கொடுத்தாள். நான் மணலை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா வந்தாள். முகம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, பாதங்கள் இட்லி மாதிரி வீங்கியிருந்தன. எங்கள் வீட்டில் அவள் காலை நீட்டிப் படுக்க ஒரே இடம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த நடைவழி. அப்படிப் படுத்தால் பாதம் இரண்டும் வாசல்படிக்கு வெளியே வரும். தெருவில் போகிறவர்கள் தாண்டிப் போனார்கள். அப்பா உப்பள வேலையிலிருந்து வந்தால் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார்.

அம்மா தினமும் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சுவர் நகரவில்லை. வரிசைக் குழாயடியில் ஒருநாள் அவள் வாய் வெடித்துவிட்டது.

"ஆளில்லாத அறையில ஆளு நடக்குதாம். எந்தப் பேயை வச்சு நடக்க விட்டிருக்கான்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

"எம் பிள்ள அறையில எம் பிள்ள நடக்கான். ஒனக்கு எங்க வலிக்கி?" என்றாள் மாமி.

"அப்ப அவனைக் கூப்பிடு. வந்து ஒரு குடம் தூக்கச் சொல்லு, பாப்போம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் குடத்தோடு நின்றேன். மாமியின் கால்விரல்கள் ஈர மண்ணைப் பிடித்துக்கொண்டன. என்னை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் நடப்பதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அக்காவின் பாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குப் போகக் கூடாது என்று தோன்றும். மத்தியானம் ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி மணல் சாக்கை எடுத்து வைக்கும் சத்தம் கேட்கும். போய்விடுவேன்.

அப்படி ஒரு மத்தியானம் சாண்டக்ஸ் செருப்பு மாமி வீட்டு வாசலில் வந்து நின்றது.

"கார்மேலம்மா, மகன் இருக்காரா?" என்று தளவாய் சார் கேட்டார்.

"இப்பதான் வெளிய போனான்" என்றாள் மாமி. நான் அறைக்குள் மணல் சாக்கோடு அசையாமல் நின்றேன்.

"வந்ததும் ஒரு கையெழுத்து வேணும். ஒண்ணுமில்ல, சரிபார்க்கத்தான். நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முகாம்ல, கரை ஒதுங்கின ஆள் ஒருத்தரை வச்சிருந்திருக்காங்க. தலையில பழைய அடி. பேச்சு இல்ல, பேர் ஊர் சொல்லத் தெரியல. இந்த மாதிரி ஆளுங்களை இதே மாதிரித் தரையில நடக்க வச்சுப் பார்ப்பாங்க. தரை 'ரெமி, ஐந்தாம் வரிசை'ன்னு காட்டியிருக்கு."

மாமி எழுந்துவிட்டாள்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. ஆனா ரெமி தன் வீட்டுல நடமாடுறார்னும் அதே தரை காட்டுது. ஒரு ஆள் ரெண்டு ஊர்ல நடக்க முடியாதுல்ல? நடையைத் திருடிட்டு வந்தவன்னு வெளிய அனுப்பிட்டாங்க. உங்க மகன் நல்லபடியா வந்துட்டார்னு எழுதிக் கொடுத்தா முடிஞ்சது."

"அனுப்பிட்டாகளா?" என்றாள் மாமி. "எங்க அனுப்புனாக?"

"தெரியலம்மா. கேட்டைத் திறந்து விட்டிருப்பாங்க."

"அது எம் பிள்ள."

"அப்போ இங்க நடக்கிறது யாரு?"

மாமி உள்ளே வந்து என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். சாக்கு என் முதுகில்தான் இருந்தது. சத்தம் கேட்டு அம்மாவும், சுவரைப் பிடித்தபடி அக்காவும் வந்து வாசலில் நின்றார்கள். பின்னால் இன்னும் சில கால்கள் வந்தன.

"நடந்து காட்டு" என்றார் தளவாய் சார்.

இத்தனை பேர் முன்னால் என்னால் வாயைத் திறந்திருக்க முடியாது. நடப்பதற்கு வாய் தேவையில்லை. நடந்தேன். வலது காலை ஊன்றும் முன் யோசித்தேன். விளக்கு பச்சையாக எரிந்தது.

"நீயாட்டி?" என்றாள் அம்மா.

தளவாய் சார் கையில் இருந்த கருவியை வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இனிமே இந்த நடை இந்தப் பிள்ளை பேர்லதான் ஏறும். நான் கண்ணால பார்த்துட்டேன்."

"அது எம் மகன் நடைய்யா. இவ இரவல் வாங்கி நடந்தா, அவ்வளவுதான்" என்றாள் மாமி.

"எனக்குப் புரியுது. கருவியில இரவல்னு போட இடம் இல்லம்மா. ஒரு நடைக்கு ஒரு பேர், ஒரு பேருக்கு ஒரு நடை. முன்னால நின்னு நடந்து காட்டினவங்க பேர். உங்க மகனே நேர்ல வந்து நடந்தா மாத்தலாம். முகாமுக்கும் சொல்லி அனுப்புறேன். ஆள் கிடைச்சா பார்ப்போம்."

ஆள் கிடைக்கவில்லை. மாமியின் தம்பி முகாம் வரை போய் இரண்டு நாள் தேடிவிட்டு வந்தார். ரெமியின் அறையில் கால் இல்லை என்று ஆனதும், சுவர் மாமியின் வீட்டுக்குள் போக ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அகன்றது. அக்கா பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்று வந்தபோது தொட்டில் கட்ட இடம் இருந்தது. ரெமி அண்ணனின் கட்டில் கிடந்த இடம் அது. சுவரில் அண்ணன் ஆணி அடித்து மெடல் மாட்டியிருந்த ஓட்டை மட்டும் அப்படியே நகர்ந்து மாமி பக்கம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஒரு புது வேலை வந்தது. என் நடைக்கு இப்போது பெயர் இல்லை. நான் என் போக்கில் நடந்தால் தரைக்கு நான் யாரோ. ஜெனோவா வீட்டில் இருக்கிறாள் என்று தரை நம்ப வேண்டுமென்றால் நான் ரெமி மாதிரி நடக்க வேண்டும். தண்ணீர் எடுக்க, கோலம் போட, குழந்தையை ஆட்ட, எல்லாவற்றுக்கும் மணல் சாக்கோடு நொண்டினேன்.

"ஒஞ்சித்தியப் பாத்தியா, பந்து வெளையாடப் போறா" என்று அக்கா குழந்தையிடம் சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரிக்கமாட்டாள். "நட, நட. சுவரு கேட்டுட்டிருக்கு" என்பாள்.

மாமியும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தை பிறந்த பதினாறாம் நாள் அம்மா பிள்ளை பெற்றவளுக்கு அரைத்த காய மருந்தில் மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் மாமி வாசலில் வைத்தாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு மாமி மத்தியானங்களில் வந்து தொட்டிலுக்கு அருகில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொள்வாள். நான் குறுக்கே நடக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வாள்.

மறு வருஷ மழைக்காலம் தொடங்குவதற்கு முன் தளவாய் சார் மறுபடி வந்தார். இந்தத் தடவை எங்கள் வாசலுக்கு.

"ஜெனோவா, நேத்து நீ எங்க இருந்த?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "இங்கதான். வேற எங்க போவா? தெருமுனைக்கே போவமாட்டா."

"ராமேஸ்வரம் பக்கம் வலை உலர்த்துற இடத்துல ஒரு கொட்டகை. அங்க நம்ம தரை போட்டிருக்கு. வேலைக்காரங்க தங்கறாங்க. நேத்தும் முந்தாநேத்தும் ஜெனோவா அங்க நடந்திருக்கான்னு வருது."

குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த மாமியின் கை நின்றது.

"அங்க யாரும் பேரைப் பார்க்கிறதில்ல. விளக்கு பச்சையா எரிஞ்சா சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்துடுவாங்க" என்று தளவாய் சார் தொடர்ந்தார். தரையைப் பார்த்துப் பேசினார். "ஆனா ஒரு நடை ரெண்டு இடத்துல இருக்கக் கூடாது. ஒண்ணைக் கணக்குல இருந்து அடிக்கணும். அங்க உள்ளதை அடிச்சா அந்த ஆளை வெளிய அனுப்புவாங்க, இங்க உள்ளதை அடிச்சா இங்க ஒரு கால் குறையும். ஆபீஸ்ல உட்கார்ந்தே அடிச்சிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்னு வந்தேன்."

"அங்க இருக்கது யாருய்யா?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா அதையும் நான் எழுதணும். அதனால நான் விசாரிக்கல." பிறகு என்னிடம் திரும்பினார். "சொல்லும்மா. இங்க இருக்கிறதா, அங்க இருக்கிறதா?"

என் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த பெயருக்குப் போகாமல் ஒருவர் நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு நேரமானது. அவர் காத்திருந்தார்.

"இங்க உள்ளதை அடிங்க" என்றேன்.

"ஏட்டி!" அம்மா கத்தினாள். "அடிச்சா சுவரு உள்ள வருமே! பச்சப்பிள்ள..." என்று ஆரம்பித்தவள் மாமியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாக்கியத்தை அப்படியே விட்டாள். எழுந்து போய், தொட்டில் கயிற்றைச் சுவர்ப் பக்கத்து வளையத்திலிருந்து அவிழ்த்தாள். அடுப்படி உத்திரத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சு போட்டாள்.

"அப்போ ஜெனோவா இந்த வீட்டுல இல்ல" என்றார் தளவாய் சார்.

"ஆமா. ராமேஸ்வரத்துல இருக்கா" என்றாள் அக்கா.

அவர் கருவியில் ஒரு தடவை தட்டினார். எங்கள் நிலைக்கு மேல் இருந்த விளக்குகளில் ஒன்று அணைந்தது. நான் முதுகிலிருந்த சாக்கை இறக்கி வைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு என் சொந்தக் காலில் நின்றேன். தரைக்கு அது யாரென்று தெரியவில்லை.

மாமி குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வீட்டுக்குள் போய் ரெமியின் செருப்பை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டவில்லை. எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். நான் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு அவள் ராமேஸ்வரம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.